பதினேழை இருபது என்று எழுது

கடல் மட்டத்தில் போட்ட அட்டவணை
மஸ்கெலியாவில் செல்லாது.
மலையில் காற்று மெலிசு.
பதினேழு மீட்டர் ஆழத்தை
இருபது என்று எழுது என்கிறது கையேடு.
எழுதினேன்,
உப்புவெளியில், மின்விசிறிக்குக் கீழே,
முழங்கை வியர்வை ஒட்டிய தாளில்.

இன்னொன்றும் சொல்கிறது:
கடலோரத்திலிருந்து மலைக்குப் போய்ச் சேர்வதே
ஒரு தடவை முக்குளித்து எழுந்ததற்குச் சமம்.
அப்படியென்றால்
ஹட்டன் ரயிலில் இறால் வடை விற்பவர்
தினமும் ஆழத்திலிருந்து எழுந்து வருகிறார்.
அவரை யாரும் காத்திரு என்பதில்லை.
நான் ஓர் இரவு காத்திருக்க வேண்டும்.

லோகிதனை நேரில் பார்த்ததில்லை.
மீன்பிடிச் சங்கத்து வள்ளம் அவன் பொறுப்பில்.
தண்ணீர் எத்தனை பாகை என்று கேட்டேன்.
தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெப்பமானி இரவல் வாங்கி
பத்து நிமிடம் நீர்த்தேக்கத்துக்குள் பிடித்தானாம்.
“பாதரசம் அசையவே இல்லக்கா.
தண்ணிக்குக் காய்ச்ச இல்ல.”

சரி, ஏழு மில்லிமீட்டர் உடை.
நீர்கொழும்பில் ஒருவரிடம் இருக்கிறது,
இடுப்பு இரண்டு விரல் தொளதொளப்பு.
தடித்த உடை மிதக்கும்: ஈயம் கூட்டு.
உப்பில்லாத தண்ணீர் தாங்காது: ஈயம் குறை.
கூட்டிக் குறைத்து
வந்த எண்ணை நான் நம்பவில்லை.
இருபது வருடம் கடல் என்னைத் தாங்கியதில்
உப்பின் பங்கு எவ்வளவு
என்று இப்போதுதான் கணக்குப் பார்க்கிறேன்.

எதற்கு இத்தனை?

கீழே பழைய பாதை கிடக்கிறது.
வறட்சி வந்தால் கோயில் தலைகாட்டும்,
சனம் போய்ப் படமெடுக்கும்.
பாதையோர மைல்கல் மட்டும்
ஒரு வறட்சிக்கும் வெளியே வந்ததில்லை.
ஹட்டனுக்குப் பதினொன்று என்கிறான் லோகிதன்.
பன்னிரண்டு என்கிறார் கண்டக்டர் பெரியண்ணசாமி.
இருவருமே அந்தக் கல்லைப் பார்த்ததில்லை.
பந்தயம்: ஒரு மாத பஸ் டிக்கெட்.
கலங்கல் தண்ணீரில் கண்ணால் முடியாது,
விரலால் தடவித்தான் வாசிக்க வேண்டும்.
அதற்காக
வலது கையுறையின் ஆட்காட்டி விரலை வெட்டினேன்.
அந்த ஒரு விரல் மட்டும் முழுக் குளிரையும் வாங்கும்.

மின்நிலையத்துக்குக் கடிதம் போட்டேன்.
சுரங்கவாய் இழுக்கும், ஒரு மணி நேரம் நிறுத்துங்கள்.
பதில் மூன்று வரி:
ஞாயிறு காலை ஆறு முதல் ஏழு.
தாமதித்தால் பொறுப்பல்ல.
கீழே பொறியியலாளர் பேனாவால் சேர்த்திருந்தார்:
பன்னிரண்டாகத்தான் இருக்கும்.

தங்குமிடம் பத்மலோஜினி வீடு.
தொலைபேசியில் கொழுந்து மடுவத்துச் சத்தம்.
“வந்தது வாறீங்க, அன்னைக்கு ராவே
சிவனொளிபாதம் ஏறிருவோம்.”
முக்குளித்தவள் உடனே மலை ஏறக் கூடாது என்றேன்.
உடம்பில் கரைந்த காற்று நுரைத்துவிடும்.
கொஞ்சம் யோசித்தாள்.
“தீட்டு மாதிரியா?”
கிட்டத்தட்ட.
“எத்தன நாளைக்கு?”
ஒரு நாள்.
“ஒரு நாள்தானா” என்று சிரித்தாள்.

ஹட்டனே நீர்த்தேக்கத்தைவிட உயரம்.
ஆகவே திரும்பும்போது அந்தப் பக்கம் இல்லை.
நோட்டன் பிரிட்ஜ் வழியே இறக்கம் மட்டும்,
அதுவும் மறுநாள்.
எந்தக் கல்லை வாசிக்கப் போகிறேனோ
அது காட்டும் ஊருக்கு
நான் போக முடியாது.

சிலிண்டர் இரண்டு, சாக்கில் சுற்றி,
மரக்கறி லொறியில் முன்னமே போய்விட்டது.
லொறிக்காரர் கேட்டார், உள்ளே என்ன?
காற்று என்றேன்.
அங்கே இல்லாததா என்றார்.

நீருக்குள் எழுதும் பலகையில்
இரண்டு கட்டம் கீறினேன்: 11, 12.
விறைத்த கைக்குச் சரி போடுவதே பெரும்பாடு.
பிறகு, விளக்கை அணைக்கப் போனவள் திரும்பி வந்து
மூன்றாவதாக ஒன்றும் கீறி
உள்ளே எதுவும் எழுதாமல் விட்டேன்.

லோகிதனிடம் இருந்து செய்தி:
அக்கா, இங்க மழ புடிச்சிருச்சு.
தண்ணி ரெண்டு அடி ஏறிருக்கு.

தாளை விரித்து
இருபதை அடித்தேன்.